பச்சைக்குப் பக்கத்தில் வைத்த நூல்கள்

விழுப்புரம் ஜங்ஷனுக்கு வடக்கே, திண்டிவனம் போகும் தண்டவாளத்தை ஒட்டி, ரயில்வே குடியிருப்பு ஒன்று இருந்தது. அதன் கடைசி வீட்டில் நானும் என் அக்காவும் அவள் கணவரும் சில வருஷங்கள் இருந்தோம். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, பின்பக்கம் என்ஜின் சாம்பல் கொட்டி மேடாக்கிய ஒரு துண்டு நிலம். அந்த மேட்டில் அக்கா ஒரு முருங்கைக் கிளையை நட்டுப் பிழைக்க வைத்திருந்தாள். மாமா பாயிண்ட்ஸ்மேன். வண்டி எந்தத் தண்டவாளத்துக்குத் திரும்ப வேண்டுமோ அதற்குத் தக்கபடி நெம்புகோலை இழுத்துவிடுகிற வேலை. தாழ்ப்பாள் வைத்த கதவுக்குப் பின்னால் நான் முதன்முதலாகத் தூங்கியது அந்த வீட்டில்தான்.

அதற்கு முன் கோலியனூர்ப் பக்கம் ஒரு சேரியில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்துக் காலராவில் போனபோது அக்கா திண்டிவனத்தில் மிஷன் போர்டிங்கில் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பை விட்டுவிட்டு என்னை வளர்க்க வந்தாள். வரும்போது அவளுக்குத் தெரிந்தவை இரண்டு: எழுதப் படிக்க, கம்பளி பின்ன. முதலாவதை எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டாவதற்குக் கோலியனூரில் உபயோகம் இல்லை.

கூலிக்கு மிளகாய் பறிக்கப் போவோம். பழத்தை மட்டும் பறிக்க வேண்டும்; காயைத் தொடக் கூடாது. மற்றப் பிள்ளைகள் நின்ற இடத்திலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே பழத்துக்குக் கையை நீட்டுவார்கள். நான் செடிக்குள் முகத்தை விட்டு, ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பார்ப்பேன். பழம் கொஞ்சம் தொய்ந்திருக்கும். காம்பைத் திருகினால் இலகுவாக வரும். காய் விறைப்பாக இருக்கும். எல்லாரும் இப்படித்தான் பறிக்கிறார்கள், அவர்கள் விரல் என்னுடையதைவிடச் சுறுசுறுப்பு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவசரப்பட்ட ஒரு நாளில் என் கூடையில் பாதிக்குமேல் காய். மேஸ்திரி கூடையை வரப்பில் கவிழ்த்து எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். அக்கா அங்கேயே என் முதுகில் ஒன்று வைத்தாள். வேலையில் கவனம் இல்லை என்பது என்மேல் சொல்லப்பட்ட குற்றம். நானும் அதை நம்பினேன்.

விழுப்புரத்துக்கு வந்தபிறகும் என் கண்ணைப் பற்றி யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பகலில் கைகாட்டி மரத்தின் கை நேராக நீட்டியிருந்தால் வண்டி நிற்கும், சாய்ந்தால் வரும். இதற்கு நிறம் தேவையில்லை. பொழுது சாய்ந்ததும் விளக்குக்காரர் ஏணியில் ஏறி மண்ணெண்ணெய் விளக்கை வைத்துவிட்டு வருவார். கை சாய்ந்திருக்கும்போது வெளிச்சம் சற்று வெளிறித் தெரியும். நீட்டியிருக்கும்போது எண்ணெய் தீரப்போகிற விளக்குபோல மங்கலாக இருக்கும். பச்சை என்றும் சிவப்பு என்றும் ஜனங்கள் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான் என்று எடுத்துக்கொண்டேன். மாமாவின் கொடிகள் இரண்டும் கதவுக்குப் பின்னால் செருகியிருக்கும். சிவப்புக் கொடியை எடு என்றால் தவறாமல் எடுத்துக் கொடுப்பேன். அதன் ஓரத்தில் ஒட்டுப் போட்டிருந்தது.

நிறங்களை நான் அக்காவின் வாயிலிருந்து தெரிந்துகொண்டேன். எதைச் சொன்னாலும் நிறத்தோடு சொல்வது அவள் வழக்கம். வளவனூர் சந்தைக்குப் போய்வந்தால் யார் எந்தப் புடவையில் வந்தாள் என்று அரைமணி நேரம் சொல்வாள். மாந்துளிர், மயில் கழுத்து, வெங்காயச் சருகு, இலந்தைப்பழம். மாமா கேட்டபடியே தூங்கிவிடுவார். நான் கடைசிவரை கேட்பேன். அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் நான் பார்க்காத ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு மழைக்காலத்தில் மாமா விஷக்காய்ச்சலில் இறந்தார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது இருக்கலாம். எட்டாம் வகுப்பு முடித்துவிட்டுப் பார்சல் ஆபீஸில் மூட்டைகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் இரக்கமுள்ளவர். மாமாவின் இடத்துக்கு என்னைச் சிபாரிசு செய்தார். வேலை கிடைத்தால் வீடு எங்களிடமே இருக்கும்; கிடைக்காவிட்டால் காலி செய்ய வேண்டும். அக்காவும் நானும் ஒரே கூரையின் கீழ் இருப்பதற்கு அந்த ஓர் அறையைத் தவிர உலகத்தில் வேறு இடம் கிடையாது. நடுவில் நின்றது ஒன்றே ஒன்று. ரயில்வே டாக்டர் என் கண்ணைப் பார்த்துச் சரி என்று எழுத வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரும் பாயிண்ட்ஸ்மேன்தான். அந்தப் பரீட்சையில் தேறியவர் என்பதால் அக்கா அவரிடம் விவரம் கேட்டாள். அவர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்.

“மேஜ மேல கம்பளி நூலக் கொட்டி வெச்சிருப்பாரு. ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டுவாரு. இது செவப்பு, இது பச்சன்னு சொல்லிக்கினே போவணும். ஜல்தியா முடிஞ்சிரும்மா. கைக்கொழந்தகூடச் சொல்லிரும்.”

அன்று அக்கா தன் தகரப் பெட்டியைத் திறந்தாள். அடியில் ஒரு துணி முடிச்சு. போர்டிங் நாட்களில் மிஷன் துரைசானி கொடுத்த கம்பளி மிச்சங்கள் அதில் இருந்தன. ஒரு நூலைத் தூக்கிப் பிடித்து என்ன நிறம் என்றாள். சொன்னேன். சிரித்தாள். அடுத்ததற்கும் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். நாலைந்து நூல்களுக்குப் பிறகு சிரிப்பு நின்றது. என் முகத்தையும் நூலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உனக்கு யாரும் உக்காரவெச்சுச் சொல்லிக் குடுக்கலடா, அதான். எழுத்து மாதிரிதான் இதுவும். பாக்கப் பாக்க வந்துரும்.”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. எங்கள் குடும்பத்தில் எழுத்து தெரிந்த முதல் ஆள் அவள், இரண்டாவது ஆள் நான். வெறும் கோடும் சுழியுமாகத் தெரிந்தது உட்கார்ந்து படித்ததும் வார்த்தையாக மாறுவதை இருவரும் கண்ணால் கண்டவர்கள். தலைமுறை தலைமுறையாகப் படித்த வீட்டில் யாராவது ஒருவர் இதை நோய் என்று சந்தேகித்திருப்பார். படித்தவர்கள் வைக்கிற எந்தப் பரீட்சையையும் மனப்பாடம் செய்து தேறிவிடலாம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

மத்தியான வண்டி போனபிறகு பின்பக்கச் சாம்பல் மேட்டில், முருங்கை நிழலில் உட்காருவோம். அக்கா ஒரு நூலை எடுத்துப் பிடிப்பாள். நான் பெயர் சொல்வேன். தப்பானால் அவள் சொல்வாள், திரும்பச் சொல்வேன். பச்சை நூல் முறுக்கு அதிகம். ரோஜா நிறத்தில் ஒரு முடிச்சு. சாம்பல் நிறத்தில் பூச்சி அரித்து மெலிந்த ஓர் இடம். சந்தன நிறம் மற்றவற்றைவிடப் பிசிறு. நான் இவற்றைத்தான் படித்தேன். ஏமாற்றுகிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுத்தையும் அடையாளம் வைத்துத்தானே படித்தோம். மாமா போன துக்கம் வீட்டுக்குள் இருந்தது. அந்த மேட்டில் மட்டும் அது கொஞ்சம் தள்ளி நின்றது. யார்டில் பெட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம், அக்காவின் கையில் கம்பளியின் பழைய ரசக்கர்ப்பூர வாசனை, நடுவே அவள் குரல், “மறுபடி சொல்லு.” என் வாழ்க்கையில் திரும்பிப் போகக் கிடைத்தால் அங்கே போவேன். பரீட்சை நெருங்கும்போது நான் ஒன்றையும் தப்பாகச் சொல்லவில்லை.

ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை வாசித்தேன். பக்கத்தில் நின்ற கம்பவுண்டர் தலையை ஆட்டினார். பிறகு டாக்டர் ஒரு டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தார். கம்பளி நூல் கண்டுகள். எல்லாம் ஒரே தடிப்பு, ஒரே முறுக்கு. ஒன்றிலும் முடிச்சு இல்லை. வெளிறிய ஒரு கண்டை எடுத்துத் தனியாக வைத்தார். பச்சை என்று ஊகித்துச் சொல்ல வாயைத் திறந்தேன்.

“பேரு வேணாம்ப்பா. இது மாதிரி இருக்கிறதெல்லாம் எடுத்து இதுக்குப் பக்கத்துல வை.”

பெயர்களை அவர் கேட்கவே இல்லை. நான் படித்துக்கொண்டு போனது பெயர்களை மட்டும்தான். குவியலைப் பார்த்தேன். கைக்கு எட்டிய இடத்திலேயே அதே மாதிரி ஒன்று இருந்தது, எடுத்து வைத்தேன். இன்னொன்று. இன்னொன்று. இவ்வளவு சுலபமா என்று ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது. பின்னாலிருந்து கம்பவுண்டர் கேட்டார்.

“இன்னா தம்பி, கதம்பம் கட்றியா?”

டாக்டர் அவரை முறைத்தார். நூல்களைக் கலைத்துவிட்டு, திரும்பச் செய்யச் சொன்னார். திரும்பச் செய்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இது பிறவியில் வருவது, என்மேல் தப்பு இல்லை, மருந்தும் கிடையாது என்றார். நிறக்குருடு என்ற சொல்லை அங்கேதான் முதலில் கேட்டேன்.

“பழகினா வராதா சார்?” என்றேன்.

“எதைப் பழகறது?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அவரையும் பொறுக்கி வைக்கத்தான் சொல்லியிருப்பார்கள். கஷ்டப்படாமல் தேறியவருக்குக் கேள்வி என்னவென்று ஞாபகம் இருப்பதில்லை. பின்னாளில் நிருபராகி, நேரில் பார்த்தவர்களிடம் விவரம் கேட்டு எழுதும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலில் நின்றிருந்தாள். என் நடையிலேயே தெரிந்திருக்க வேண்டும். கிடைத்ததா என்று கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். உள்ளே போய்த் துணி முடிச்சை எடுத்துவந்து தரையில் கொட்டினாள். பச்சை நூலைத் தனியாக வைத்தாள். அங்கே செய்த மாதிரி இங்கே செய்யச் சொன்னாள். நூலைத் தடவாமல், கண்ணால் மட்டும் பார்த்து எடுத்து வைத்தேன். நான் வைத்து முடித்த வரிசையை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“இதெல்லாம் உனக்கு ஒண்ணா?”

“ஒண்ணாத்தான் தெரியுது.”

“அப்போ அந்த மொளகாத் தோட்டத்துல?”

“கையால அமுக்கிப் பாத்துப் பறிச்சேன்.”

அவள் எழுந்து போய் அடுப்பை ஊதினாள். அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருந்தது. பிறகு வந்து, பச்சையையும் அதன் பக்கத்தில் நான் எடுத்து வைத்த நூல்களையும் மட்டும் வேறொரு துணியில் முடிந்தாள்.

வீட்டைக் காலி செய்தோம். திண்டிவனம் மிஷன் போர்டிங்கில் சமையலுக்கு ஆள் தேவை என்றார்கள். அக்கா அங்கே போனாள். பெண்கள் மட்டும் இருக்கிற இடம். விழுப்புரத்தில் ஒரு பத்திரிகை ஏஜெண்டின் கடையில் எனக்கு வேலையும் படுக்க இடமும் கிடைத்தன. பட்டணத்திலிருந்து விடியற்காலை வண்டியில் பத்திரிகைக் கட்டுகள் வரும். இறக்கி வைக்கும்போது ஈர மையின் வாசனை கைக்கு வரும். அந்தக் கட்டுகள் அவள் ஊரைத் தாண்டித்தான் வந்திருக்கும். பிளாட்பாரத்தின் வடக்குக் கோடியில் நின்றால் எங்கள் வீடு தெரியும். வேறு யாரோ பாயிண்ட்ஸ்மேனின் துணிகள் கொடியில் காயும். முருங்கை காய்க்கத் தொடங்கியிருந்தது. கட்டுகளை இறக்க அந்தக் கோடிவரை போக வேண்டிய அவசியம் இல்லை. தினமும் போனேன்.

சில வருஷங்களில் அதே ஏஜெண்ட் மூலம் ஒரு தினசரிக்கு உள்ளூர் நிருபர் ஆனேன். பத்திரிகைத் தாள் எனக்குத் தோதான இடம், வெள்ளையில் கறுப்பு. ஒருமுறை ஒரு கூட்டத்தைப் பற்றி எழுதும்போது பச்சைத் தோரணம் என்று எழுதிவிட்டேன். கட்டியவர் கடைக்கே வந்து, பச்சையா அது, காசு கொடுத்துச் சிவப்பு வாங்கிக் கட்டினேன் என்று சத்தம் போட்டார். அன்றிலிருந்து என் செய்திகளில் நிறம் கிடையாது. என் எழுத்தில் பூச்சு வேலை இல்லை என்று பட்டணத்து உதவி ஆசிரியர் ஒருவர் பாராட்டினார். ஏற்றுக்கொண்டேன்.

அக்காவைப் பார்க்க மாதத்துக்கொரு தடவையாவது போவேன். போர்டிங் சமையலறைக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த தாழ்வாரத்தில் உட்காரவைத்துச் சோறு போடுவாள். குழம்பில் கிடக்கும் மிளகாயை முன்பே எடுத்துவிடுவாள். பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் ஒன்று மாறியிருந்தது. அது எனக்குச் சில தடவைகளுக்குப் பிறகுதான் பிடிபட்டது. அவள் நிறம் சொல்வதை நிறுத்திவிட்டாள். முன்பென்றால் மாந்துளிர்ப் பொடவை கட்டிக்கினு ஒருத்தி வந்தா என்று ஆரம்பிப்பாள். இப்போது உயரமா ஒருத்தி என்றாள். அகலக் கரை போட்ட புடவை என்றாள். வாய்வரை வந்த சொல்லை விழுங்குவது சில சமயம் தெரியும். காலில்லாதவன் முன்னால் ஓட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்கிற மாதிரி ஒரு மரியாதை. அதை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பும் வண்டியில், மயிலம் தாண்டி வெளியே பார்த்தால் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை வயலும் வேலியும் கரடும் போய்க்கொண்டிருக்கும். அவள் பக்கத்தில் இருந்தால் இவற்றுக்கு என்ன பெயர்கள் சொல்வாள் என்று யோசிப்பேன். நான் பார்த்ததெல்லாம் பார்த்தபடியே இருந்தது. அவள் சொல்லாமல் போனதுதான் குறைந்தது.

உலகச் சண்டை வந்தது. குண்டு விழும் என்று பயந்து பட்டணத்தைவிட்டு ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பிய நாட்களில் பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லை. எனக்குச் செய்திக்குப் பஞ்சமில்லை. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்து, ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்தேன். இரண்டு அறை, ஒரு கிணறு, ஒரு செடி வைக்க இடம். ஒரு மார்கழியில் அக்காவை அழைத்துவரத் திண்டிவனம் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

எல்லாவற்றையும் கேட்டாள். எத்தனை அறை, தண்ணீர் உப்பா என்று விசாரித்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே பெண் பிள்ளைகள் தட்டைக் கழுவிக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இதுங்களுக்கு யாருடா ஆக்கிப் போடறது? பாதிக்கு ஆத்தா கெடையாது. நீ வந்துட்டுப் போய்க்கினு இரு.”

பிறகு உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். சிப்பாய்களுக்கு அனுப்ப மப்ளர் பின்ன வேண்டும் என்று துரைசானி போர்டிங்கில் எல்லாரையும் உட்காரவைத்திருந்தாள். அக்காவின் கைக்கு மறுபடி பின்னல் ஊசி வந்திருந்தது.

“பொட்டியில கெடந்த நூலு. பூச்சி திங்கறதுக்குள்ள போட்டுப் பின்னிட்டேன். காலங்காத்தால கட்டு எறக்கப் போறல்ல, பனிக்கு ஆவும்.”

பிரித்தேன். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே நிறம்.

“இன்னாவாத் தெரியுது?” என்றாள்.

“ஒரே நிறமா இருக்குக்கா.”

“ஒரே நிறந்தான்.”

நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தடவினேன். விரலில் ஒரு முடிச்சு தட்டியது. கொஞ்சம் தள்ளி, பூச்சி அரித்து மெலிந்த இடம். இன்னொரு இழை சேர்த்துக் கெட்டியாக்கியிருந்தாள். அதற்கடுத்து ஒரு பிசிறு. எனக்கு எல்லாம் தெரிந்த நூல்கள். பச்சைக்குப் பக்கத்தில் நான் எடுத்து வைத்தவை.

“நிறத்தச் சொல்லுக்கா” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து முதல் வரிசையில் வைத்தாள். சொல்ல ஆரம்பித்தாள். முதலில் தயங்கித் தயங்கி வந்தது.

“இது பச்ச. மல்லாட்டக் கொல்லையில மொத மழைக்கு அப்பறம் வருமே, அந்தப் பச்ச. இது சந்தனம், அரைச்சுக் காஞ்சது. இது ரோஜா. பறிச்சு மறுநாள் ஆன ரோஜா. இது சாம்ப. நம்ம வூட்டுப் பின்னால கெடந்துச்சே, அந்தச் சாம்பதான்.”

கடைசி வரிசைவரை சொன்னாள். பிறகு உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், போனாள்.

சாயங்கால பாசஞ்சரில் திரும்பினேன். எதிரே மரக்காணத்துப் பக்கத்து அம்மா ஒருத்தி, கருவாட்டுக் கூடையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு என் கழுத்தையே பார்த்தபடி வந்தாள். கடைசியில் பொறுக்கவில்லை.

“இன்னாப்பா இது, கையில கெடச்ச நூலையெல்லாம் போட்டுப் பின்னியிருக்காங்க?”

“எல்லாம் ஒரே நூலுதாம்மா.”

அவள் மப்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கூடையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

விழுப்புரத்துக்கு வெளியே வண்டி நின்றுவிட்டது. பொழுது இறங்கியிருந்தது, கைகாட்டியின் கை தெரியவில்லை, விளக்கு மட்டும் தெரிந்தது. என்ன விளக்கு எரிகிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்று அந்த அம்மாவைக் கேட்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

“செவப்பு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலேயே, “பச்ச வுழுந்துருச்சுப்பா” என்றாள்.

வண்டி நகர்ந்தது. கடைசி வீடு முதலில் வந்தது. உள்ளே யாரோ அடுப்பு மூட்டியிருந்தார்கள். முருங்கையும் சாம்பல் மேடும் ஜன்னலைத் தாண்டிப் போகும்வரை மப்ளரின் முடிச்சில் விரலை வைத்திருந்தேன்.